கவிழ்த்த சிரட்டை

“உயிருடன் பிறந்து, பின்னர் இறந்த குழந்தைகள் எத்தனை?” என்று மக்டலின் தாளைப் பார்த்து வாசித்தாள். பற்றிக்கின் பெண்சாதி முற்றத்தில் குந்தியிருந்து இறால் உடைத்துக்கொண்டிருந்தாள். கேள்விக்காக அவள் கை நிற்கவில்லை. தலையைக் கிள்ளி ஒரு பக்கம், உடம்பை உரித்து மறு பக்கம் போட்டபடியே, “அப்பிடி ஒண்டும் எங்களுக்கு இல்லகா” என்றாள். பிறகு நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். எழுதன், ஏன் நிக்கிறாய் என்கிற பார்வை.

மக்டலின் எழுதினாள். போன தபசு காலத்தில், ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாட்களில், இதே முற்றத்தில் சுடுதண்ணீர்ப் பானையோடு நின்றவள் அவள். உள்ளேயிருந்து வந்த அழுகையைக் காதால் கேட்டவள். பூனைக்குட்டியின் சத்தம் போல மெல்லியதுதான், ஆனால் அழுகை என்பதில் சந்தேகமே இல்லை. வேலியோரம் நின்ற பற்றிக்கும் கேட்டுவிட்டு, பீடியைக் காதில் செருகிக்கொண்டு சிரித்தான். அடுத்த நாள் காலையில் அந்தப் பற்றிக்கே பழைய சாரத் துண்டில் சுற்றிய ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனான். இப்போது அப்படி ஒன்றும் இல்லையாம். மக்டலினுக்கு ஆத்திரம் வந்தது. வந்து என்ன செய்வது, அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கேயும் இல்லை.

கண்டல்முனைக்கு மூன்று பக்கமும் வாவி. ஊரில் யாரும் வாவி என்று சொல்வதில்லை, ஆறு என்றுதான் சொல்வார்கள். ஆற்றுக்கு அங்கால் மட்டக்களப்பு ஆஸ்பத்திரி. தோணியில் போகலாம், காற்று விட்டால். நாலாவது பக்கத்தில் ஒரு பாதை இருந்தது. மாரி தொடங்கியதும் அதுவும் ஆற்றோடு சேர்ந்துவிடும். ஆகவே ஊரில் பிறந்த எல்லோரும் செபஸ்தியம்மாவின் கையில்தான் பிறந்தார்கள். செபஸ்தியம்மா மக்டலினின் தாய். நல்ல மருத்துவிச்சி. உரத்துப் பேசமாட்டாள், பிரசவ வீட்டில் வெற்றிலை கேட்கமாட்டாள். அவளுக்கு இரண்டு வேலை இருந்தது. ஒன்று பிள்ளையை ஏந்துவது. மற்றது, பிள்ளை தங்காது என்று தெரிந்தால் அதன் தலையில் தண்ணீர் ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் ஞானஸ்நானம் கொடுப்பது. பூசை வைக்கிற சுவாமி மாதத்தில் ஒருமுறைதான் வருவார். சாகிற பிள்ளை சுவாமி வரும்வரைக்கும் காத்திருக்குமா? அதனால் ஒவ்வொரு பிரசவத்துக்கும் அந்த வீட்டார் ஒரு தேங்காய்ச் சிரட்டையை நார் இல்லாமல் சீவி, தண்ணீர் நிரப்பிப் பாய்த் தலைமாட்டில் வைப்பார்கள்.

தண்ணீர் பட்ட பிள்ளையைக் கோயிலை ஒட்டிய சேமக்காலைக்குள் புதைப்பார்கள், பெயரோடும் சிலுவையோடும். தண்ணீர் படாத பிள்ளைக்கு வேலிக்கு வெளியே, ஈச்சம்பற்றைகளுக்கு இடையில் ஒரு சிறு குழி. சிலுவை வைக்க முடியாது. தலைமாட்டில் வீணாய்ப்போன அந்தச் சிரட்டையை மண்ணின்மேல் கவிழ்த்து வைப்பார்கள். ஊர் நாய் கிளறாமல் இருக்க என்று ஆண்கள் சொல்வார்கள். பெண்கள் ஒன்றும் சொல்வதில்லை.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. செத்தே பிறந்தால் யாருக்கும் பழியில்லை. பிறந்து ஒரு தரம் அழுத பிள்ளை தண்ணீர் இல்லாமல் போனால் அது யாருடைய குற்றம்? தண்ணீர் ஊற்ற வேண்டியவளுடைய குற்றம். ஊரையே ஏந்திய கைமேல் யார் அப்படி ஒரு பழியைப் போடுவார்கள்? அதனால் வேலிக்கு வெளியே போன எந்தப் பிள்ளையும் அழுததில்லை. யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவு அல்ல இது. செபஸ்தியம்மா வெளியே வந்து “மூச்சு வரல்ல மனே” என்று தகப்பனிடம் சொல்வாள். அந்தக் கணமே அழுகையைக் கேட்ட காதுகள் கேளாக் காதுகளாகிவிடும்.

மக்டலினுக்கும் அங்கே ஒரு சிரட்டை இருந்தது. அதற்குப் பிறகு வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. தான் கேட்ட அழுகையைப் பற்றி அவள் தாயிடம் ஒரு நாளும் பேசியதில்லை.

இந்தக் கேள்வித் தாளைக் கொண்டுவந்தது ஒரு வெளிநாட்டு டொக்டர். நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். ஊர்ச் சனம் அவரை நெட்டை டொக்குத்தர் என்றது. ஐந்து நாடுகளில் ஒரே மாதிரி ஆராய்ச்சி நடக்கிறதாம். எங்கே பச்சைப் பிள்ளைகள் அதிகம் சாகின்றன, எங்கே சாகவில்லை, ஏன் என்று கண்டுபிடித்து, அதன்படி அரசாங்கங்கள் செலவு செய்யவேண்டுமாம். கண்ட கண்ட மந்திரிமார் சொந்த ஊருக்கு ஆஸ்பத்திரி கட்டுகிற காலம் போய், தேவைப்பட்ட இடத்தில் கட்டுகிற காலம் வரவேண்டும் என்று அவர் பட்டணத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் பேசியபோது மக்டலினுக்கு மெய் சிலிர்த்தது. இந்த ஆற்றங்கரையில் எந்த ஊரில் சாவு கூடவோ அந்த ஊருக்கு ஒரு பிரசவ விடுதி, நிரந்தரமாக ஒரு மருத்துவத் தாதி, இயந்திரம் பூட்டிய ஒரு தோணி. கோயில் பள்ளிக்கூடத்தில் அரைச் சம்பளத்துக்குப் படிப்பித்துக்கொண்டிருந்த மக்டலின், அந்தத் தோணியைத் தன் ஊர்த் துறையில் கட்டிப் பார்த்துவிட்டாள். வீட்டில் தங்கச்சி செசீலியாவுக்கு அப்போதுதான் நாள் தள்ளிப்போயிருந்தது.

பயிற்சி கொடுத்தவர் ஏறாவூர் றவூப் மாஸ்டர். ஒரு தரம் அழுதாலும், ஒரு மூச்சு விட்டாலும் அது பிறந்த பிள்ளைதான், அதைக் கணக்கில் எடுக்கவேண்டும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினார். மக்டலின் எழும்பி, “எங்கட ஊரில இப்பிடிக் கேட்டாச் சொல்லமாட்டாங்க மாஸ்டர். வேற மாதிரிச் சுத்தி வளைச்சுக் கேக்கலாமா?” என்றாள்.

“ஒரு சொல்லும் மாத்தப்படாது டீச்சர். அஞ்சு நாட்டுலயும் ஒரே கேள்வி. ஒரு மீன இந்தத் தராசுல நிறுத்து, மத்த மீன வேற தராசுல நிறுத்துப்போட்டு எது பாரம் எண்டு செல்ல ஏலுமா?”

அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. இருந்துவிட்டாள்.

தன் வீட்டைத் தானே விசாரிக்கக்கூடாது என்று ஒரு விதி. அதனால் கண்டல்முனையில் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் நபீஸா வந்தாள். ஏறாவூர்ப் பக்கத்துப் பெண்; பயிற்சியில் பக்கத்துக் கதிரையில் இருந்து சிநேகமானவள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு திண்டுக் கதிரையில் நேராக உட்கார்ந்து, சிநேகத்தையெல்லாம் தூர வைத்துவிட்டு, வயது என்ன, கலியாணம் எப்போது என்று வரிசையாகக் கேட்டாள். குசினிக்குள் செபஸ்தியம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“உயிருடன் பிறந்து, பின்னர் இறந்த குழந்தைகள் எத்தனை?”

துருவுகிற சத்தம் நின்றது.

மக்டலின் பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர்ப் பெண்கள் மேல் எத்தனை நாள் ஆத்திரப்பட்டிருப்பாள். இவ்வளவு சின்னக் கேள்விக்கு உள்ளதைச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று எத்தனை தரம் பல்லைக் கடித்திருப்பாள். இப்போது அந்தக் கேள்வி தன் மடியில் வந்து விழுந்தபோதுதான் அதன் பாரம் தெரிந்தது. ஓம் என்று சொன்னால் குசினிக்குள் இருக்கிறவளை முச்சந்தியில் நிறுத்திவிடுவது மாதிரி. அவள் கையால் உண்டு, அவள் கையால் வளர்ந்து, அவளையே.

“இல்ல” என்றாள்.

துருவுகிற சத்தம் மறுபடி தொடங்கியது.

மக்டலின் துறைவரை வழியனுப்பப் போனபோது நபீஸா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “கோவிக்காத புள்ள. எங்கட ஆக்கள் ஒரு தரம் கத்தின புள்ளைக்கும் பேர் வெச்சி, தொழுவிச்சி, மையவாடிக்குள்ளதான் அடக்குவாங்க. கேட்டா அழுதழுது பேரோட செல்றாங்க. எழுதி எனக்குக் கை நோகுது. உங்கட ஊர்ல மட்டும் ஒண்டு ரெண்டுதானே, அது எப்பிடி?”

“எங்கட ஊர்த் தண்ணி நல்லம்” என்றாள் மக்டலின். பகிடியாகத்தான் சொன்னாள். சொன்ன வாய் வெகுநேரம் கசந்தது.

முதல் கணக்கு வந்தபோது செசீலியாவுக்கு வயிறு நன்றாக மேடிட்டிருந்தது. பிரசவ விடுதி அங்கால் கரையில், நபீஸா விசாரித்த ஊர் ஒன்றுக்குப் போனது. கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டுவதற்கு முன்னமே இயந்திரத் தோணி வந்து சேர்ந்துவிட்டது. கண்டல்முனை ஆண்கள் கள்ளுக் கொட்டிலில் கூடிக் கொதித்தார்கள். அவர்களுக்கு மேலிடத்தில் ஆள் இருக்கிறதாம், நமக்கு நாதியில்லையாம். மக்டலினின் புருஷன் யாக்கோப்பு அங்கே கேட்டதை அப்படியே வீட்டில் வந்து கொட்டினான். மக்டலின் அவனுக்குச் சோற்றைப் போட்டாள். அங்கால் ஊர்ச் சனம் செய்தது ஒன்றே ஒன்றுதான், செத்ததைச் செத்தது என்று சொன்னார்கள். இதைப் புருஷனிடம் எப்படிச் சொல்வது?

இதைவிடப் பெரிய கூத்து பின்னால் வந்தது. ஐந்து நாட்டுக் கணக்கையும் சேர்த்துப் பார்த்ததில், வறுமைப்பட்ட ஊர்களுக்குள்ளே பச்சைப் பிள்ளை அநேகமாகச் சாகாத ஊர் என்று கண்டல்முனை தனியே எழும்பி நின்றதாம். ரோட்டு இல்லை, டொக்டர் இல்லை, கக்கூசு கூட இல்லை, எப்படி? நெட்டை டொக்குத்தர் தூக்கம் வராமல் ஒரு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா வறுத்துக் கொடுப்போம் என்று பெண்கள் சொன்னதைப் பக்கம் பக்கமாக எழுதினார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ஆண்கள் சுறாவைத் தூக்கிக் காட்டி, “இந்தா, அஞ்சு நாட்டு மருந்து” என்று பகிடி பண்ணினார்கள். ஆனால் டொக்டரின் கண் சுறாவில் நிற்கவில்லை. போகும்போது செபஸ்தியம்மாவின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். மழைக்குப் பிறகு மறுபடி வருவதாகச் சொன்னார்.

மாரி பிந்தித் தொடங்கி, தொடங்கியபின் நிற்கவில்லை. செசீலியாவுக்கு வலி கண்டது ஒரு பகல். வாடைக் காற்று ஆற்றைக் கிளப்பி எறிந்துகொண்டிருந்தது. செசீலியாவின் புருஷன் யோசேப் இரண்டு தரம் தோணியை இறக்கினான். இரண்டு தரமும் காற்று அவனைக் கண்டல் பற்றைக்குள் கொண்டுபோய்ச் செருகியது. அங்கால் கரையில் இயந்திரத் தோணி ஒன்று உறுமுகிற சத்தம் மழைக்குள்ளால் வந்து வந்து போனது. அது வேறு யாருக்கோ.

பிள்ளை வந்தது, பின்னால் இரத்தமும் வந்தது. நிற்கவில்லை. செபஸ்தியம்மா பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு, மகளின் வயிற்றை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தாள். “மக்டலின், நீயும் பிடி. இதில, என்ர கைக்குக் கீழ. விட்டிராத, விட்டாப் போயிருவாள்.” மக்டலின் பிடித்தாள். பாயில் கிடந்தது ஒரு தரம் அழுதது. கையைக் காலை அடித்து, முகத்தைச் சுளித்து, இன்னொரு தரம் அழுதது. சிரட்டை ஒரு முழத் தூரத்தில், தண்ணீர் தளும்ப இருந்தது. மக்டலின் சிரட்டையைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். தாயும் சிரட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் கை அசையவில்லை. பிள்ளையின் நிறம் மாறிக்கொண்டு வந்தது. யோசேப்பைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவன் துறையில் தோணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான், காற்றில் எதுவும் கேட்கவில்லை. இரத்தம் நின்றபோது பிள்ளையும் நின்றுவிட்டது.

அப்போதுதான் மக்டலினுக்குத் தன்னுடைய நாள் விளங்கியது. அன்றைக்கும் இந்தக் கைகள் இப்படித்தான் தன் வயிற்றில் இருந்திருக்கும். இந்தக் கண்கள் சிரட்டையைப் பார்த்திருக்கும். தண்ணீர் ஊற்றத் தாய் பிந்தவில்லை. பிள்ளையின் ஆத்துமத்தையும் மகளின் உயிரையும் முன்னால் வைத்து மகளை எடுத்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக அதை யாருக்கும் சொல்லாமல் சுமந்திருக்கிறாள். மக்டலினுக்கு அழுகை அடிவயிற்றிலிருந்து வந்தது. இப்போது அழ நேரமில்லை என்று விழுங்கிக்கொண்டாள்.

நனைந்து விறைத்து வந்த யோசேப்பிடம் செபஸ்தியம்மா, “மூச்சு வரல்ல மனே” என்றாள்.

“கத்தினது” என்று உள்ளேயிருந்து செசீலியாவின் குரல் வந்தது. துணி கிழிகிற மாதிரி ஒரு குரல். “அம்மா, கத்தினது. அக்கா, நீயும் கேட்டாய்தானே?”

மக்டலின் தங்கச்சியின் நெற்றியைத் துடைத்தாள். “படு புள்ள. பேசாத. இரத்தம் போயிருக்கு.”

செசீலியா சுவர்ப் பக்கம் கிறுகிப் படுத்தாள். அதற்குப் பிறகு தாய் கொடுத்த கஞ்சியைக் குடிக்கவில்லை, அக்கா கொடுத்ததையும் குடிக்கவில்லை. யோசேப் கொடுத்தால் மட்டும் இரண்டு வாய்.

அடக்கம் முடிந்த மறுநாள் மழை விட்டது. சொன்ன சொல் தவறாமல் டொக்டர் வந்து இறங்கினார். கூட றவூப் மாஸ்டர். மொழிபெயர்க்க மக்டலின் போகவேண்டியிருந்தது. கோயில் முற்றத்தில் சனம் கூடியது. வீட்டில் நடந்தது இன்னதென்று யாரும் டொக்டரிடம் சொல்லவில்லை, அவருக்குக் கேட்கவும் தெரியவில்லை. கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, முகம் முழுக்கச் சந்தோஷத்தோடு செபஸ்தியம்மாவுக்கு முன்னால் வந்து நின்று, நம்முடைய வழக்கப்படி கைகூப்பினார். நீளமாகப் பேசினார். நல்ல மனிதர்தான். அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

“என்னவாம் மகள்?” என்றாள் செபஸ்தியம்மா.

மக்டலின் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “உங்கட கையாலதான் இஞ்ச புள்ளையள் சாகிறல்லையாம். அப்பிடித்தான் அவர் அறிக்கை எழுதப்போறாராம். அந்த அஞ்சு நாட்டிலயும் இனி ஊருக்கு ஊர் ஆசுபத்திரி கட்டத் தேவல்லையாம். உங்களப் போல பொம்புளையளத் தேடிப் புடிச்சு, கத்திரிக்கோலும் சவுக்காரமும் குடுத்தாக் காணுமாம். புத்தகத்தில போட உங்கட கையைப் படம் புடிக்கப்போறாராம். கைய நீட்டட்டாம்.”

செபஸ்தியம்மா நீட்டவில்லை. கைகளைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். நகக்கண்ணில் இன்னும் மண் இருந்தது. குழியை யோசேப் வெட்டினாலும் மண்ணைத் தள்ளியது அவள்தான்.

“அங்கத்தப் பொம்புளையளுக்கும் ரெண்டு கைதானே மகள்?” என்று கேட்டாள்.

“ஓம் அம்மா.”

செபஸ்தியம்மா திரும்பி நடந்தாள். கோயிலைச் சுற்றி, சேமக்காலை வாசலைத் தாண்டி, வேலியோரமாக, ஈச்சம்பற்றைப் பக்கம். டொக்டர், வெளிச்சம் நல்ல இடம் பார்த்துப் போகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, கமராவைத் திறந்துகொண்டு பின்னால் போனார். றவூப் மாஸ்டர் போனார். ஊர்ப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள். பிறகு பற்றிக்கின் பெண்சாதி முதலாவதாக நடந்தாள்.

மழையில் மண் இறங்கி, சிரட்டைகள் தெளிவாகத் தெரிந்தன. சில கறுத்துப் பாசி பிடித்தவை, சில பாதி புதைந்தவை. ஓரத்தில் ஒன்று மட்டும் புதிதாக, சீவிய வெள்ளை மாறாமல். டொக்டர் ஏதோ கேட்டார். பயிர்ச்செய்கையா, நேர்த்திக்கடனா என்று கேட்கிறார் என மக்டலின் சொல்ல வாயெடுத்தாள். தாய் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“நான் சொல்றன். நீ இங்கிலீசில சொல்லு. ஒண்டையும் மாத்தாத.”

ஈர மண்ணில் குந்தி, வெள்ளைச் சிரட்டையில் உள்ளங்கையை வைத்தாள். “இது செசீலியாட. ரெண்டு தரம் கத்தினது.” மக்டலின் சொன்னாள். டொக்டரின் முகம் இன்னும் சிரித்தபடிதான் இருந்தது; சிரிப்பு முகத்திலிருந்து இறங்க நேரம் எடுத்தது. செபஸ்தியம்மா அடுத்ததுக்கு நகர்ந்தாள். “இது பற்றிக்குட வீட்டுது. கத்தினது.” பின்னால் நின்ற பெண்ணிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. “இது செத்துப் பிறந்தது. இதுவும் அப்பிடித்தான். இது கத்தினது. இது கன நேரம் உயிரோட கிடந்தது, தாய்தான் போகப் பாத்தாள்.” றவூப் மாஸ்டர் தொப்பியைக் கழற்றினார், பிறகு என்ன நினைத்தோ மறுபடி போட்டுக்கொண்டார். மக்டலின் சொல்லிக்கொண்டே வந்தாள். சொல் எதுவும் மாறவில்லை. ஐந்து நாட்டுக்கும் போகிற பாஷையில், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வது போல, ஒவ்வொன்றாக.

செபஸ்தியம்மா நின்றது, பாசி பிடித்து விளிம்பு உடைந்த ஒரு சிரட்டையில். அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள். பிறகு நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

“இது உன்ர” என்றாள். “கத்தினது.”

டொக்டர் மக்டலினின் வாயைப் பார்த்துக்கொண்டு காத்து நின்றார். ஆற்றில் இயந்திரத் தோணி ஒன்று போய்க்கொண்டிருந்தது. செபஸ்தியம்மா கையைத் துடைக்காமல் அடுத்த சிரட்டைக்கு நகர்ந்தாள்.